விறாந்தைப் பள்ளிகள்: பாலர் கல்வியில் எம்மவர்

இந்த மலருக்காகச் சங்கத்தின் பழைய அங்கத்தவர் பதிவேடுகளை மீண்டும் புரட்ட நேர்ந்தது. பெயர், கல்லூரியில் படித்த ஆண்டுகள், விலாசம் என்பவற்றின் பின்னே ‘தொழில்’ என்றொரு நிரல் உண்டு. வைத்தியர், சட்டத்தரணி, ஆசிரியை, தாதி, எழுதுவினைஞர் எனப் பெருமைப்படத்தக்க சொற்கள் அந்த நிரலில் நிறையவே இருக்கின்றன. அவற்றுக்கிடையே ஓரிடத்தில் எமது விரல் நின்றது. வெள்ளவத்தை ஒழுங்கையொன்றில், தம் வீட்டின் முன்விறாந்தையில், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாலர் பாடசாலை நடத்திய எமது மூத்த மாணவி ஒருவரின் பெயருக்கு நேரே ‘இல்லத்தரசி’ என்று எழுதியிருந்தது. மலர்க்குழுவில் இருந்த எண்மரில் மூவர் அவரிடம் அரிவரி படித்தவர்கள். அப்படி எழுதியதும் வேறு யாருமல்லர், எமது சங்கந்தான்.

பதிவேட்டைத் தொடர்ந்து பார்த்தபோது அவர் ஒருவர் மட்டுமல்லர் என்பது தெரிந்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பாலர் வகுப்பு நடத்தியவர்கள் என்று நாம் நேரில் அறிந்த பலருடைய தொழில் நிரல் வெறுமையாகவே கிடந்தது. எமது கல்லூரியிலிருந்து வெளியேறிய மாணவியர் எத்தனையோ பேர் கால்வைத்த ஒரு துறைக்கு எமது வரலாற்றில் ஒரு பக்கமும் இல்லை. அதனால் இதை எழுதுகிறோம்.

எங்கள் பாட்டிமார் காலத்தில் சின்னப்பிள்ளைக்கு எழுத்தறிவிப்பதை யாரும் தொழிலாக எண்ணியதில்லை. விஜயதசமியன்று கோயிலிலோ வீட்டிலோ ஏடு தொடக்குவார்கள். தட்டத்தில் பரப்பிய அரிசியில் பெரியவர் ஒருவர் பிள்ளையின் சுட்டுவிரலைப் பிடித்து ‘அ’ எழுதுவிப்பார். பிறகு அரிவரி வகுப்பு, அதன்பின் நாவலர் பெருமானின் பாலபாடம். மற்றொரு பக்கத்தில், ஜேர்மனியரான ஃபுரோபெல் 1840இல் ‘கிண்டர்கார்டன்’ என்று பெயரிட்ட முறை மிஷன் பாடசாலைகள் வழியாக இங்கு வந்து சேர்ந்தது. பாட்டும் கடதாசி மடிப்பும் மரக்கட்டை விளையாட்டும் வகுப்பறைக்குள் நுழைந்தது அப்போதுதான். உடுவிலில் 1824இல் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையிலும், சேர் பொன். இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் நிறுவிய கல்லூரியிலும் படித்த பெண்கள் அரசாங்க உத்தியோகத்தரை மணமுடித்துக் கொழும்புக்கு வந்தபோது, படிப்பும் வந்தது, அதைப் பயன்படுத்த இடமில்லாத மனக்குறையும் கூடவே வந்தது. வெள்ளவத்தையின் பாலர் பாடசாலைகளுக்கு அந்த மனக்குறையும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம்.

பயிற்சி பெற்ற தொழிலாக இது மாறியதற்கு ஒரு போர் காரணமாயிற்று. ரோமாபுரியின் சன் லொறென்சோ பகுதியில் 1907 ஜனவரி 6ஆம் திகதி ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காகத் தம் முதலாவது சிறுவர் இல்லத்தைத் திறந்தவர் மரியா மொண்டிசோரி அம்மையார். பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று 1939இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்தார். முதல் பயிற்சி வகுப்பில் ஏறத்தாழ 300 பேர் சேர்ந்தார்கள். சில மாதங்களில் திரும்பிவிடும் எண்ணத்தோடு வந்தவர். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கவே, பிரித்தானிய ஆட்சியின் கண்ணில் அவரும் அவருடைய மகன் மாரியோவும் எதிரி நாட்டவராயினர். மாரியோவைத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அம்மையாரின் எழுபதாவது பிறந்தநாளான ஓகஸ்ட் 31ஆம் திகதி மகனை விடுவித்தார்களாயினும், போர் முடியும்வரை அவர்கள் ஐரோப்பா திரும்ப முடியவில்லை. அடையாறிலும் கொடைக்கானலிலும் தங்கிப் பயிற்சி கொடுத்தார்கள். 1944இல் அம்மையார் இலங்கைக்கும் வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார்.

நம் நாட்டைச் சேர்ந்த லீனா விக்ரமரத்ன அவருடைய மாணவியாகவும் உதவியாளராகவும் இருந்து, பின்னாளில் கலிபோர்னியாவில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவர். கொட்டாஞ்சேனையில் பாடசாலை நடத்திய நல்லாயன் சபைக் கன்னியர்கள் மொண்டிசோரிப் பயிற்சியைத் தம் பணிகளுள் ஒன்றாக ஏற்று நிலைநிறுத்தினார்கள். இன்று கொழும்பில் எந்த முறையில் நடக்கும் முன்பள்ளியையும் ‘மொண்டிசோரி’ என்றே சொல்கிறோம். பிள்ளை மொண்டிசோரிக்குப் போகிறது என்று சொல்லும் தாய்மாரில் எத்தனை பேருக்கு அது ஒரு பெண்ணின் பெயர் என்று தெரியும்?

இலவசக் கல்வி 1945இல் வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை என்று கன்னங்கரா அவர்களின் திட்டத்தைப் புகழ்ந்து சொல்வது வழக்கம். அந்தப் பாலர் வகுப்பு ஐந்து வயதில் தொடங்குவது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளையின் பொறுப்பு குடும்பத்திடமே நின்றது. பின்னர் 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் பாடசாலையில் சேரும் வயதை ஐந்திலிருந்து ஆறுக்கு உயர்த்தியது. ஒரு முழு ஆண்டுப் பிள்ளைகள் வீட்டில் நின்றார்கள். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் விறாந்தைப் பள்ளிகள் பெருகியது அந்த ஆண்டுகளில்தான். 1977 ஆட்சி மாற்றத்தின் பின் வயது மீண்டும் ஐந்தாயிற்று, ஆனால் பள்ளிகள் மூடப்படவில்லை. பழகிவிட்ட தாய்மார் விடவில்லை.

அந்தப் பள்ளிகளை நேரில் கண்டவர்கள் எம்மிற் பலர். காலை எட்டரைக்கு விறாந்தையின் சாய்மனைக் கதிரையை உள்ளே தள்ளிவிட்டுப் பாய் விரிப்பார்கள். பதினைந்து, இருபது பிள்ளைகள். தமிழ்ப் பிள்ளைகளோடு முஸ்லிம், சிங்கள, பறங்கிப் பிள்ளைகளும் இருப்பார்கள். ரீச்சர் ஆங்கிலத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார், அழும் பிள்ளையைத் தமிழில் தேற்றுவார், வாசலில் நிற்கும் தகப்பனோடு சிங்களத்தில் பேசுவார். பத்து மணிக்கு விசுக்கோத்து. கரையோர ரயில் போகும்போது வகுப்பு முழுவதும் நிறுத்தப்பட்டுப் பெட்டிகள் எண்ணப்படும். எண் கணிதத்தில் எமக்கு முதற் பாடம் அதுவே. பதினொன்றரைக்கு வீட்டுக்குப் போகும் நேரம். பதினொன்று நாற்பதுக்கு ரீச்சரின் கணவர் வீட்டார் பகற் சோறு கேட்பார்கள்.

எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு. நிறப் பென்சில்களுக்கே தட்டுப்பாடு, மொண்டிசோரி உபகரணம் எங்கே வாங்குவது? பாணுக்கு வரிசையில் நின்ற அதே பெண்கள் பால்மா ரின், புளியங்கொட்டை, மஞ்சாடி, வெள்ளவத்தைக் கரையிற் பொறுக்கிய சிப்பி, தையற்காரரிடம் கேட்டு வாங்கிய வெற்று நூற்கட்டை ஆகியவற்றைக் கொண்டு எல்லாவற்றையும் தாமே செய்தார்கள். இளஞ்சிவப்புக் கோபுரத்தின் பத்துக் கட்டைகளையும் தச்சரைப் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு கட்டையும் ஒரு சென்ரிமீற்றர் குறையவேண்டும் என்று கண்டிப்பாக நின்று செய்வித்தவர்கள் உண்டு.

இங்கே ஒரு விடயத்தைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் எம்மவரின் சொந்தப் பங்களிப்பு இதில்தான் இருக்கிறது. மொண்டிசோரி முறையில் பிள்ளை முதலில் மணற் கடதாசியில் வெட்டிய எழுத்தைச் சுட்டுவிரலாலும் நடுவிரலாலும் தடவி அதன் வடிவத்தை உணர்கிறது. பின்பு தனித்தனி எழுத்துத் துண்டுகளை அடுக்கி, காதில் கேட்ட சொல்லைத் தானே ஆக்குகிறது. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து வடிவங்கள் போதும். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. அத்தனையையும் வெட்டி ஒரு பெட்டியில் அடுக்கினால் மூன்று வயதுப் பிள்ளை அந்தப் பெட்டிக்குள் தொலைந்துபோகும். துண்டுகளைக் குறைத்து, மெய்யையும் உயிர்க்குறியையும் தனித்தனியே வைத்தால் வேறொரு சிக்கல். ‘கொக்கு’ என்று சொல்லும்போது முதலிற் காதில் விழுவது ககரம். எழுதும்போதோ ஒற்றைக் கொம்பு முன்னே வரவேண்டும், ககரம் நடுவே, அரவு பின்னே. காது சொல்லும் ஒழுங்கும் கண் காணும் ஒழுங்கும் ஒன்றாயில்லை.

ரோமாபுரிக்கும் அடையாறுக்கும் கடிதம் எழுதி விடை பெறக்கூடிய கேள்வியல்ல இது. விறாந்தையில்தான் விடை காணவேண்டியிருந்தது. சிலர் உயிர்க்குறிகளை வேறு நிறத்தில் வெட்டினார்கள். சிலர் கொம்பெழுத்துச் சொற்களை ஆண்டின் கடைசிவரை ஒத்திவைத்து, படம், மரம், பட்டம், பழம் என அகரமேறிய சொற்களிலேயே பல வாரங்களைக் கடத்தினார்கள். எழுத்தின் ஒழுங்கையும் மாற்றினார்கள். ‘அ’ வளைவும் சுழியும் கொண்டது, சின்ன விரலுக்குக் கடினம். ‘ட’ என்றால் நேரே ஒரு கோடு, பக்கமாக ஒரு கோடு. அதன் வலப்பக்கத்தை மேலே தூக்கினால் ‘ப’. அதிலிருந்து ‘ம’ அதிக தூரமில்லை. ஆகவே ட, ப, ம என்று தொடங்கினார்கள். அம்மம்மாமார் விடுவார்களா? அகரம் இல்லாமல் ஒரு பிள்ளைக்குக் கல்வி தொடங்குவதா என்று வாசலில் வந்து நின்றவர்களை நாம் கண்டிருக்கிறோம். விஜயதசமியன்று அரிசியில் ‘அ’, மறுநாள் விறாந்தையில் ‘ட’ என்ற சமாதானம் எமக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் பல ஆண்டுகள் நிலவியது. அந்த ஆசிரியைகளில் ஒருவர்கூட இதை ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ளவில்லை, எழுதியும் வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் இன்று பயிற்சிக் கல்லூரிகளில் அது பாடமாக இருந்திருக்கும்.

இனிக் காசு விடயம். மாதம் பிறந்து ஐந்தாம் திகதிக்குள் கடித உறையில் கட்டணம் வரும். சில உறைகள் வராது. கேட்க வாய் வராது, ஏனெனில் பிள்ளையின் தாய் அடுத்த வீட்டுக்காரி, அல்லது கல்லூரியில் ஒரே வகுப்பு. இருபது உறைகளிலிருந்து உதவி ஆசிரியைக்கும் கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்கும் கொடுத்தபின் மிஞ்சியதுதான் ரீச்சரின் வருமானம். ஓய்வூதியம் இல்லை. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இலிருந்து இருக்கிறது. தொழிலாளி நூற்றுக்கு 8, கொள்வோர் நூற்றுக்கு 12 என்பது இன்றைய கணக்கு. நம்பிக்கை நிதியத்துக்குக் கொள்வோர் மேலும் 3 கொடுக்கவேண்டும். முன்பள்ளியில் சம்பளத்துக்கு வேலைசெய்யும் இளம் ஆசிரியைக்கும் இவை உரியவை. ஆயினும் எமது மாணவியர் பலர் தம் முதல் வேலையில் இவற்றைக் கேட்கவே இல்லை. பிள்ளைகளோடு இருப்பது ஒரு பாக்கியம், அதற்குக் கணக்குப் பார்ப்பதா என்று சொல்லியே வளர்த்துவிட்டோம். ‘சேவை’ என்ற சொல்லை ஒவ்வொரு பரிசளிப்பு விழா மேடையிலும் தாராளமாக வழங்கியவர்கள் நாமே. அந்தச் சொல் அவர்களுடைய அடுப்பை எரிக்கவில்லை.

இது எமக்கு மட்டும் உரிய கதையல்ல. இந்தியாவில் 1975 ஒக்ரோபர் 2ஆம் திகதி ஒருங்கிணைந்த சிறுவர் வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது ஊரூராக அங்கன்வாடிகள் திறக்கப்பட்டன. அங்கே வேலைசெய்த பெண்களுக்குக் கொடுத்தது சம்பளம் அன்று, ‘மதிப்பூதியம்’. மதிப்பு இருந்த அளவுக்கு ஊதியம் இருக்கவில்லை. அவர்களுக்கும் பணிக்கொடை உரியது என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2022ஆம் ஆண்டு ஆயிற்று, நாற்பத்தேழு ஆண்டுகள்.

1983 ஆடி மாதம் 25ஆம் திகதிக்குப் பிறகு வெள்ளவத்தையின் சில விறாந்தைகள் மீண்டும் திறக்கப்படவில்லை. ஒழுங்கைக்கு நடுவே எரிந்துகிடந்த தளபாடங்களுக்கிடையில் ஓரடி உயரக் கதிரைகளைக் கண்டதாக எமது மூத்த அங்கத்தவர் ஒருவர் சொல்வார். அதற்குமேல் அவர் பேசமாட்டார். நாமும் கேட்பதில்லை.

கடல்கடந்தவர்களுக்கு அங்கே இன்னொரு பாடம் காத்திருந்தது. இலண்டன் சென்றவர்கள், பிள்ளை பராமரிப்பாளருக்கென 1945இலிருந்தே தேசிய பரீட்சைச் சபை ஒன்று அங்கு இருப்பதைக் கண்டார்கள். ரொறன்ரோ சென்றவர்களின் அனுபவம் வேறு. வெள்ளவத்தையில் பதினாறு ஆண்டுகள் படிப்பித்த எமது சகோதரி ஒருவர், நாற்பத்திரண்டாவது வயதில், தம் மகளின் வயதுப் பிள்ளைகளோடு கல்லூரி வாங்கில் இருந்து இரண்டாண்டு டிப்ளோமா முடித்தார். முதலில் அவமானமாக இருந்ததாம். பின்பு, தாம் விறாந்தையில் கைப்பழக்கமாகச் செய்த ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு பெயரும் ஒரு காரணமும் இருந்ததைக் கண்டாராம். ஒன்ராறியோவில் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெறாத எவரும் தம்மை முன்பிள்ளைப்பருவக் கல்வியாளர் என்று அழைத்துக்கொள்ள முடியாது. 2010இலிருந்து அங்கு முழுநாள் பாலர் வகுப்பில் ஆசிரியரும் பதிவுபெற்ற கல்வியாளரும் இணைந்து நிற்கிறார்கள். இருவருக்கும் சம்பளம் ஒன்றல்ல என்பதையும் அந்தச் சகோதரி எழுதத் தவறவில்லை.

இங்கோ விடயங்கள் மெல்லவே நகர்ந்தன. சர்வதேச சிறுவர் ஆண்டான 1979ஐ ஒட்டிச் சிறுவர் செயலகம் அமைந்தது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தின் கீழ் முன்பள்ளிகளின் மேற்பார்வை மாகாண சபைகளுக்குப் போயிற்று. முன்பிள்ளைப்பருவப் பராமரிப்பும் அபிவிருத்தியும் பற்றிய தேசிய கொள்கை 2004இல் வந்தது. இப்போது இத்துறைக்கு வர விரும்பும் மாணவிக்குப் பாதை எமது காலத்தைவிடத் தெளிவாக இருக்கிறது. உயர்தரத்தின் பின் நாவலத் திறந்த பல்கலைக்கழகத்தில் முன்பள்ளிக் கல்விச் சான்றிதழோ டிப்ளோமாவோ பெறலாம். மொண்டிசோரிப் பயிற்சி பெறலாம். தேசிய தொழிற் தகைமை நான்காம் மட்டத்துக்குப் போகலாம். எதைத் தேர்ந்தாலும், சான்றிதழைத் தரும் நிறுவனம் பதிவு பெற்றதா என்று முதலில் பார்க்கவேண்டும். அழகான அட்டை அச்சிட்டுத் தருவோர் காலி வீதியில் குறைவில்லை.

பராமரிப்பு என்ற மறுபாதியைப் பற்றியும் சொல்லவேண்டும். அன்று பிள்ளையைப் பதினொன்றரைக்குக் கூட்டிச்செல்ல அம்மம்மா இருந்தார். இன்று அம்மம்மா மெல்பேர்ணில் இருக்கிறார். தொடர்மாடியில் தாயும் தகப்பனும் வேலைக்குப் போகிறார்கள். மகப்பேற்று விடுமுறை 84 நாள். அதற்குப் பிறகு நான்கு மாதக் குழந்தையை யார் கையில் கொடுப்பது? பகற் பராமரிப்பு நிலையங்கள் கொழும்புக்குப் புதியவை என்று பேசுகிறோம். மலையகத்துத் தோட்டங்களில் பிள்ளைக் காம்பரா என்பது எத்தனையோ தலைமுறைக்கு முந்தியது. கொழுந்து பறிக்கும் தாய்மாரின் கைக்குழந்தைகளை வயதான பெண்ணொருவர் ஏணைகளில் ஆட்டிக்கொண்டிருந்த அந்த அறைகள், இன்று பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் பொறுப்பேற்ற சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாகியுள்ளன. கொழும்புக்காரராகிய நாம் மலையகத்திடம் கேட்டறியவேண்டிய விடயங்களில் இது ஒன்று. எமது இளைய மாணவியர் சிலர் வெள்ளவத்தையில் இத்தகைய நிலையங்களைத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எமது கூட்டத்துக்கு வந்து, எத்தனை கைக்குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர், மாடிப்படிக்குக் கதவு எங்கே, பால் போத்தல்களில் பெயர் எழுதுவது எப்படி, ஊழியரின் சேமலாப நிதி எந்தத் திகதிக்குள் கட்டவேண்டும் என்று விளக்கியபோது, மூத்தவர்கள் நாம் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தோம்.

பதிவேட்டுக்கு வருவோம். முதலிற் சொன்ன அம்மையார் இப்போது எம்மிடையே இல்லை. அவருடைய மகளிடம் அனுமதி கேட்டு, ‘இல்லத்தரசி’ என்பதை வெட்டாமல், அதன் அருகே ‘பாலர் பாடசாலை ஆசிரியை, உரிமையாளர்’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறோம். மகள் சொன்னபடி முதலாவது சொல்லும் இருக்கட்டும் என்று விட்டோம், அதுவும் அவர் செய்த வேலைதானே. அவருடைய மணற் கடதாசி எழுத்துகளில் பத்தொன்பது மிஞ்சியுள்ளன. ஓரம் தேய்ந்த ‘ட’ ஒன்றும் அவற்றில் உண்டு. நூற்றாண்டுக் கண்காட்சியில் மண்டபத்தின் வடக்குச் சுவர்ப் பக்கமாக வைக்கப்படும், தொட்டுப் பார்க்கலாம்.

மற்றைய பெயர்களுக்கு நேரே இன்னும் வெற்றிடமே. விறாந்தைப் பள்ளி நடத்தியவர்களும், அவர்களிடம் படித்தவர்களும், பள்ளியின் பெயர், ஒழுங்கை, நடத்திய ஆண்டுகள் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிச் சங்கச் செயலாளரிடம் சேர்ப்பிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். படங்கள் இருந்தால் பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம். ஆண்டு சரியாக நினைவில்லை என்றால், தம் பிள்ளை எந்த ஆண்டு முதலாம் வகுப்பில் சேர்ந்தது என்று எழுதினாலும் போதும், அதிலிருந்து கணக்கிட்டுக்கொள்வோம்.